எஃகு படித்தவன் எலும்பு படிக்கப் போனால்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இந்நாள் மாணவர்களும் கலந்துகொண்ட அமர்வு என்பதால் பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



துறை மாறிப் படித்தவர்களில் ஒருவர் வந்து பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நான் 2011-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தவளையை அறுக்க வேண்டாமே என்பதற்காகவே அந்தக் குரூப்பை எடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். படித்து முடித்து மூன்று வருடம் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் அழுத்தக் கணக்குப் போட்டேன். 2014-இல் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்ந்தேன். துறையின் பெயர், செல் உயிரியல் மற்றும் உடற்கூறியல். 2020-இல் முடித்தேன். இப்போது சென்னையில், உடைந்த எலும்பில் பொருத்தும் தகடுகளையும் திருகுகளையும் வடிவமைக்கும் வேலை. விசிட்டிங் கார்டில் இன்றும் பொறியாளர் என்றுதான் போட்டிருக்கிறது.

சேரப் போகிறேன் என்று சொன்னபோது ஸ்ரீரங்கத்தில் என் பெரியப்பா கேட்டார்: "ஏம்ப்பா, டாக்டருக்கா படிக்கப் போறே?" "இல்லை பெரியப்பா, டாக்டர் பட்டத்துக்கு." "ஊசி போடுவியா?" "மாட்டேன்." "பின்ன எதுக்குப்பா?" கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். இங்கே இருக்கிற மாணவர்களின் வீடுகளிலும் இதே கேள்விதான் வரும். ஆகவே என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பைப் பார்த்த பொறியாளர்

1866-ஆம் ஆண்டு. ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரம். ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர், தொடை எலும்பின் தலைப்பகுதியை நீளவாட்டில் அறுத்து அதன் உள்ளமைப்பைக் காட்டுகிறார். உள்ளே கெட்டியாக இல்லை. பஞ்சு மாதிரி, மெல்லிய எலும்புக் கீற்றுகள் வளைந்து வளைந்து போகின்றன. கார்ல் குல்மன் என்ற பொறியாளர் அதைப் பார்க்கிறார். பாலங்களும் ரயில்பாதைகளும் கட்டியவர். வரைபடத்தாலேயே விசைகளைக் கணக்கிடும் 'கிராஃபிக் ஸ்டாட்டிக்ஸ்' முறையை வளர்த்தவர். கொக்கி மாதிரி வளைந்த ஒரு கிரேனில் பாரம் தொங்கினால் இழுவிசைக் கோடுகளும் அமுக்குவிசைக் கோடுகளும் எப்படி ஓடுமோ, அதே போலத்தான் இந்தக் கீற்றுகள் ஓடுகின்றன என்று அவருக்குப் பட்டது. மேயர் இதை 1867-இல் அச்சில் வெளியிட்டார். 1892-இல் ஜூலியஸ் வுல்ஃப் என்ற மருத்துவர், பாரம் மாறினால் எலும்பும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று புத்தகமே எழுதினார். 'வுல்ஃப் விதி' என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான்.

மெட்டீரியல்ஸ் பரீட்சை எழுதிய எவனுக்கும் இந்தக் கதை இனிக்கும். "பார்த்தாயா, நம்ம ஆளு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கதையின் மறுபாதி இருக்கிறது. குல்மனின் கிரேன் கெட்டியான ஒரே பொருளால் ஆனது. எலும்போ துளைகள் நிறைந்தது. கிரேனுக்குத் தசை கிடையாது. தொடை எலும்பையோ இடுப்புத் தசைகள் நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால் கோடுகள் கணக்குப்படி அப்படியே பொருந்தும் என்பதைப் பிற்காலத்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. பாரத்துக்கு ஏற்ப எலும்பு மாறுகிறது என்பது மட்டும் நின்றது. எப்படி மாறுகிறது? அங்கே கிரேன் உதவாது. செல்லைத்தான் கேட்க வேண்டும்.

எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. முதிர்ந்த எலும்பில் உள்ள செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவைதான். ஒவ்வொன்றும் தன் சிறிய அறையில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய குழாய்கள் வழியாகப் பக்கத்துச் செல்களோடு கைகோத்திருக்கும். நாம் ஒரு அடி எடுத்து வைத்தால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. குழாய்களில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த ஓட்டத்தைச் செல் உணர்ந்து, இங்கே எலும்பு போடு, அங்கே கரைத்து எடு என்று மற்ற செல்களுக்குச் சொல்லி அனுப்புகிறது. ஆறு மாதம் விண்வெளியில் மிதந்துவிட்டு வருகிறவருக்கும், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பாட்டிக்கும் எலும்பு மெலிவது இதனால்தான். நான் ஆறு வருடம் படித்தது இந்த ஒரு செல்லைத்தான்.

ஒரே துறைக்கு இரண்டு பெயர் ஏன்?

உடற்கூறியல் என்றால் பிணத்தை அறுப்பது, செல் உயிரியல் என்றால் மைக்ராஸ்கோப். இரண்டும் எப்படி ஒரே கதவில் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டன?

வெசாலியஸ் 1543-இல் மனித உடலின் அமைப்பைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். கிரேயின் உடற்கூறியல் நூல் வந்தது 1858-இல். கத்தியால் பிரித்துக் கண்ணால் பார்க்கக்கூடியதை எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் பார்த்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கண்ணுக்குத் தெரியாதது. கோல்ஜி என்பவர் 1873-இல் வெள்ளி உப்பால் நரம்புச் செல்லுக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டார். அந்தச் சாயத்தை வைத்துக்கொண்டு ரமோன் இ கஹால் மூளையைச் செல் செல்லாக வரைந்தார். இருவருக்கும் 1906-இல் நோபல் பரிசு. கஹால் ஓர் உடற்கூறியல்காரர். 1945-இல் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் மூவரும் முழுச் செல் ஒன்றை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு உடலின் அமைப்பைப் படிப்பது என்றாலே செல்லின் உள்ளமைப்பையும் படிப்பது என்று ஆகிவிட்டது. கனடாவில் கால்கரி, அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் என்று பல மருத்துவக் கல்லூரிகளில் துறையின் பெயரே அப்படித்தான் இருக்கிறது.

நம் சென்னையிலும் இதற்கு இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பெயரில் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே உடற்கூறியல் ஒரு தனித் துறை.

முதல் வருடம்

இந்தப் படிப்பில் முதல் வருடம் என்ன நடக்கும் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் புத்தகத்தில் இது இருக்காது.

காலையில் உயிர்வேதியியல், செல் உயிரியல். மதியம் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து உடல் அறுவைக் கூடம். நமக்கு ஃபார்முலா கொடுத்தால் போதும், மீதியை வரவழைத்துவிடுவோம். அங்கே வரவழைக்க ஒன்றும் இல்லை. கையில் உள்ள தசைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய். நம் கல்லூரியில் பரீட்சைக்கு முந்தின இரவு விடுதியில் டீ குடித்துக்கொண்டு ஒப்பேற்றும் வித்தை அங்கே செல்லாது. தினமும் படித்தால்தான் உண்டு.

அறுவைக் கூடத்தின் முதல் நாளில் வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். மேசையில் இருந்தவர் எண்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி. பெயர் சொல்ல மாட்டார்கள். தாமே விரும்பி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். அவருடைய இடுப்பில் உலோக மூட்டு ஒன்று இருந்தது. எத்தனையோ வரைபடத்தில் நான் பார்த்த பொருள். அதைச் சுற்றி எலும்பு எப்படி வளர்ந்து பிடித்திருந்தது, ஒரு பக்கம் எப்படி மெலிந்துபோயிருந்தது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உலோகம் தானே பாரத்தைத் தாங்கிக்கொண்டால் பக்கத்தில் உள்ள எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு கரைகிறது. தகடு வடிவமைக்க உட்காரும்போதெல்லாம் அந்த அம்மா என் எதிரில் இருக்கிறார். என் ஆசிரியர் வரிசையில் அவருக்கு முதல் இடம்.

அடுத்தது செல் வளர்ப்பு. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தீனி மாற்ற வேண்டும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, தீபாவளி தெரியாது. "எல்லாரும் பட்டாசு வெடிக்கிறாங்க, நீ என்னடா பண்றே?" என்று அம்மா போனில் கேட்டால், "தீனி போட்டுக்கிட்டிருக்கேம்மா" என்பேன். மாடு ஏதோ வளர்க்கிறான் போல என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

எஃகுக் குழாய் வந்தால் கூடவே சோதனைச் சான்றிதழ் வரும். எந்த உருக்கில் வந்தது, என்ன வலிமை, என்ன கலவை, எல்லாம் அதில் இருக்கும். செல்லுக்கு அந்த வசதி கிடையாது. நேற்று நடந்த சோதனை இன்று அதே மாதிரி நடக்காது. கையில் இருப்பது நாம் நினைக்கிற செல்தானா என்பதே சந்தேகம். 1951-இல் ஹென்றியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்து வளர்த்தவை 'ஹீலா' செல்கள். அவை அபார வேகத்தில் வளர்பவை. மற்ற செல் வரிசைகளில் கலந்துவிட்டால் அவற்றை அழித்துத் தாமே நிரம்பிவிடும். வேறு வேறு என்று எல்லோரும் நம்பிய 18 செல் வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக் காட்டியபோது ஆராய்ச்சி உலகமே ஆடிப்போயிற்று. பொறியாளர் என்ற முறையில் எனக்குப் புதிதாகக் கிடைத்த பாடம் இது. முதல் ஆறு மாதம், அளப்பதற்கு முன்னால், எதை அளக்கிறோம் என்பதை உறுதி செய்யவே போய்விடும்.

அதன் பிறகு இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வீதம் வேலை பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் வருடம் தகுதித் தேர்வு. ஐந்து பேராசிரியர்கள் எதிரில் நின்று என் ஆராய்ச்சித் திட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று நான்கு வருடம் ஆராய்ச்சி. அடுத்த வருட மருத்துவ மாணவர்களுக்கு அறுவைக் கூடத்தில் பாடம் சொல்லித்தருவதும் நம் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன் வருங்கால டாக்டர்களுக்கு முழங்கை நரம்பைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்றால் பாருங்கள்.

நமக்கு முன்னால் போனவர்கள்

இந்தப் பாதையில் நம்மவர்கள் முன்பே நடந்திருக்கிறார்கள். இங்கிருந்து பஸ் பிடித்தால் திருவானைக்காவல் போய்விடலாம். சர் சி.வி. ராமன் 1888-இல் பிறந்த ஊர். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் என்ற மாணவர் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1952-இல் அந்த மாணவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அப்போதைய துணைவேந்தர், சற்று முன் நான் தரமணியில் சொன்ன அதே லட்சுமணசுவாமி முதலியார். ஆங்கில விஞ்ஞானி பெர்னல் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் அது. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று புரி கயிறு என்று 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக 1963-இல் வந்ததுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. உலகத்தில் எந்த மூலையில் புரதம் படித்தாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் பாடம் முடியாது. அமெரிக்க வகுப்பறையில் அது பலகையில் வந்த அன்று எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

இன்னொருவர் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு, கலிபோர்னியாவில் சான் டியேகோவில் உயிரியலுக்கு மறுபடியும் பட்டப்படிப்பு மாணவராகச் சேர்ந்து இரண்டு வருடம் அடிப்படையிலிருந்து படித்தார். "நான்தான் ஏற்கெனவே டாக்டர் ஆச்சே" என்று நினைக்கவில்லை. ரைபோசோம் அமைப்புக்காக 2009-இல் நோபல் பரிசு வந்தது. தம்பிகளே, இந்தக் கதையில் பரிசை விட்டுவிடுங்கள், அது லட்சத்தில் ஒருவருக்கு. அந்த இரண்டு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் எல்லோராலும் முடியும்.

நாற்பதைத் தொட்டுவிட்ட தோழர்களுக்கும் ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன். எரிக் பெட்ஸிக், இயற்பியலாளர். 1990-களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டுத் தம் அப்பாவின் மெஷின் டூல் கம்பெனியில் வேலை பார்த்தார். சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, நண்பரின் வீட்டுக் கூடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் கட்டினார். ஒளி மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873-இல் எர்ன்ஸ்ட் அபே போட்ட எல்லைக்கோட்டை, 2006-இல் வெளிவந்த அந்த வேலை தாண்டிக் காட்டியது. 2014-இல் அவருக்கும் நோபல்.

பொறியாளனுக்கு அங்கே என்ன வேலை?

அழைத்துக் கொடுக்கிற வேலை நிறைய இருக்கிறது. செல்லுக்குள்ளே 7 நானோமீட்டர் தடிமனில் ஆக்டின் இழைகள், 25 நானோமீட்டர் விட்டத்தில் நுண்குழாய்கள். அந்தக் குழாய்களின் மேல் கைனசின் என்ற புரதம் ஒரு அடிக்கு 8 நானோமீட்டர் வீதம் மூட்டை சுமந்துகொண்டு நடக்கிறது. இதெல்லாம் நமக்குப் பழக்கமான சமாச்சாரம்தான். முட்டுக்கட்டை, தண்டவாளம், மோட்டார்.

2006-இல் வெளிவந்த ஒரு கட்டுரைதான் என்னைப் போன்ற பலரை இழுத்தது. ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் செய்தது. எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களை வெவ்வேறு கெட்டித்தன்மை உள்ள ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். மூளை மாதிரி மெத்தென்று, 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் இருந்தால் செல் நரம்புச் செல்லின் சாயலைக் காட்டியது. 8 முதல் 17 என்றால் தசை. 25 முதல் 40 என்றால் எலும்பு. தீனி எல்லாவற்றுக்கும் ஒன்றே, மாறியது தரையின் கெட்டித்தன்மை மட்டும். எஃகின் 200 ஜிகாபாஸ்கலை மனப்பாடம் செய்தவனுக்கு இந்த எண்கள் தூசு. ஆனால் செல்லின் விதியையே அந்தத் தூசு மாற்றுகிறது என்றால் எப்படி இருக்கும்!

வெளிநாடு போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் அவர்கள் 'தரணி' என்ற பெயரில், கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கு, செல் அளவில் தெரியும்படி முப்பரிமாண வரைபடம் வெளியிட்டார்கள். 5,132 மெல்லிய சீவல்கள். 500-க்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகளுக்குப் பெயர் குறித்திருக்கிறார்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மூளையை உறைய வைத்துச் சீவுவது, சீவலைச் சிதையாமல் கண்ணாடியில் ஏற்றுவது, படம் எடுப்பது, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்துப் பொருத்துவது, இதில் பாதிக்கு மேல் பொறியாளர் வேலை. ஆனால் இந்தச் செல் எது, இந்தப் பகுதிக்கு என்ன பெயர் என்று சொல்ல உடற்கூறியல் தெரிந்தவர் வேண்டும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் அது முடிந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த பொறியாளர் சுஜாதா, மூளையைப் பற்றித் 'தலைமைச் செயலகம்' என்று தமிழில் புத்தகமே எழுதினார். இன்று இருந்திருந்தால் இதற்கு ஒரு அத்தியாயம் சேர்த்திருப்பார்.

எப்படிப் போவது, என்ன கிடைக்கும்?

நேற்று மாலை மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, எனக்கு இது பிடிச்சிருக்கு. ஆனா நான் பயாலஜி படிக்கலை. வீட்டுல எஜுகேஷன் லோன் வேற இருக்கு. என்ன பண்றது?" நேர்மையான கேள்வி. எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறேன்.

கதவுகள் இருக்கின்றன. கேட் தேர்வில் உயிர் அறிவியல் தாளை நீங்களும் எழுதலாம். 2020 முதல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்றே தனித் தாள் இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் பிரிவுக்கு பி.டெக். படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் உயிரிப்பொறியியல் பிஎச்.டி.க்குப் பொறியாளர்களை எடுக்கிறது. அதே ஊரில் தேசிய உயிரியல் மையமும் எடுக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. அதில் மருத்துவமனைக்குள்ளேயே நின்று கற்க முடியும்.

பணம். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வெளிநாட்டில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சம்பளம் தருவார்கள். மிச்சம் பிடிக்க முடியாது. 2025-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டுகளால் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன என்பதையும் மனதில் வையுங்கள். ஒரே நாட்டை நம்பி உட்காராதீர்கள். உங்கள் கூடப் படித்தவன் கார் வாங்கி, மனை வாங்கி, கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போது நீங்கள் செல்லுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பீர்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: வீட்டில் கடன் இருந்தால் முதலில் வேலைக்குப் போங்கள். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த அனுபவம் வீணாகாது. இயந்திரம் நின்றுபோனால் ஓட வைக்கத் தெரிந்தவனுக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் மரியாதை உண்டு.

வேலை. இந்திய மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியர் ஆகலாம் என்று மட்டும் கணக்குப் போட்டுப் போகாதீர்கள். மருத்துவர் அல்லாதவர் அந்தப் பதவிக்கு வர அதே பாடத்தில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் வேண்டும். 1998 விதிகளில் துறை ஆசிரியர்களில் 30 சதவீதம் வரை அப்படி இருக்கலாம் என்று இருந்தது. 2020-இல் அது 15 சதவீதமாகக் குறைந்தது. அதை நம்பிப் படித்த எத்தனையோ பேர் தவித்துப்போனார்கள். 2025-இல் மீண்டும் புதிய விதிகள் வந்திருக்கின்றன. சேருமுன் அன்றைய விதியை வாசித்துவிட்டுச் சேருங்கள். நமக்கான இடங்கள் ஆராய்ச்சி நிறுவனங்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், படிமப் பகுப்பாய்வு ஆகியவை.

போவதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. "எனக்கு பைனைட் எலிமென்ட் தெரியும், எங்கே போட்டால் நல்லது?" என்று போகாதீர்கள். குல்மனின் கிரேன் மாதிரி அழகாக இருக்கும், தசை இருக்காது. ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டு போங்கள். வயதானவருக்கு உடைந்த எலும்பு ஏன் மெதுவாகக் கூடுகிறது? சர்க்கரை நோயாளியின் காலில் புண் ஏன் ஆறுவதில்லை? நம் தெருவிலேயே இந்தக் கேள்வியோடு பத்துப் பேர் நடமாடுகிறார்கள். கேள்வி கிடைத்துவிட்டால் எந்தப் பாடத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது தன்னாலே தெரியும். அதை முதல் பெஞ்சில் உட்கார்ந்து படியுங்கள்.

சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள்

பெரியவர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைத்து முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று. இங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் மாணவர்களுக்கு அந்தப் பக்கம் போகவே காரணம் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு நான்கு மாணவர்கள், கோடை விடுமுறையில் மூன்று வாரம், ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையிலோ எலும்பு சிகிச்சைத் துறையிலோ உட்கார்ந்து பார்க்க நம் சங்கம் ஏற்பாடு செய்யலாம். அனுமதி வாங்குவதும் பஸ் கட்டணமும்தான் செலவு. மூன்று வாரத்தில் இது நமக்குச் சரிவராது என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டாலும் லாபம்தான். ஆறு வருடம் மிச்சம் ஆகிறதே! முதல் ஆண்டுச் செலவை எங்கள் 2011 பேட்ச் ஏற்றுக்கொள்ளும். நேற்று இரவு பேசி முடிவு செய்துவிட்டோம்.

இரண்டாவது விண்ணப்பம் கொஞ்சம் கனமானது. மகிழ்ச்சியான கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று யோசித்தேன். ஆனால் இத்தனை பேர் ஒரே இடத்தில் மறுபடி எப்போது கிடைப்பீர்கள்? நான் படித்த பாடம் முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் கொடையில் நின்றது. மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் ஜோதிபாசு 2010-இல் மறைந்தபோது அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. 2024-இல் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்குப் போயிற்று. அரசியல் கருத்து யாருக்கு எப்படி இருந்தாலும், இந்த ஒரு செயலில் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். உடல் கொடை செய்ய விரும்புகிறவர்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விண்ணப்பம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். அதைவிட முக்கியம், வீட்டில் சொல்லி வைப்பது. கடைசியில் ஒப்படைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்று நோய்கள் உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்ணைத் தானம் செய்துவிட்டு உடலைத் தருவதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. யாரையும் வற்புறுத்தவில்லை. நம்பிக்கையும் சடங்கும் அவரவர் வீட்டு விஷயம். என் அப்பா மூன்று மாதம் ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டு, நாலாவது மாதம் தாமே படிவத்தை எடுத்து வரச் சொன்னார். அவருக்கு முன்பாகவே நானும் என் மனைவியும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

மாணவர்களுக்கு: நான் இன்று மாலை ஆறு மணி வரை ஆக்டகன் பக்கத்தில்தான் இருப்பேன். கேள்வி இருந்தால் தயங்காமல் வாருங்கள். நாளைக்கு என்றால் ஊருக்குப் போய்விடுவேன்.